வேலி என்பது சுற்றளவா, பரப்பளவா?



கணக்குப் பாடத்தில் சுற்றளவு, பரப்பளவு என்று இரண்டு சமாச்சாரங்கள் வரும். செவ்வகத்தின் நீளத்தையும் அகலத்தையும் கூட்டி இரண்டால் பெருக்கினால் சுற்றளவு. இரண்டையும் பெருக்கினால் பரப்பளவு. சூத்திரத்தை மனப்பாடம் செய்தால் மதிப்பெண் வந்துவிடும். அதற்கு மேல் யாரும் யோசிப்பதில்லை. ஆனால் இந்த இரண்டும் ஒன்றல்ல என்பதை வைத்து ஒரு காலத்தில் ஊர்களின் நெல்லும் நிலமும் நிர்ணயம் ஆகியிருக்கின்றன. அதுவும் எங்கோ கிரேக்கத்தில் இல்லை, நம் தஞ்சாவூர்ப் பக்கத்தில்தான்.

ஒரு சொல்லில் இருந்து ஆரம்பிக்கலாம். வேலி. தோட்டத்தைச் சுற்றி முள்ளை வைத்து அடைத்தால் அது வேலி. அதே சமயம் காவிரிப் பாசனப் பகுதியில் "அவருக்கு ரெண்டு வேலி நிலம்" என்றால் அது பரப்பு. சுற்றளவில் நிற்கிற பொருளுக்கும் உள்ளே கிடக்கிற நிலத்தின் அளவுக்கும் நம் மொழியில் ஒரே பெயர்! பெயர் ஒன்றாக இருந்தாலும் சோழர் காலத்துக் கணக்கர்கள் இரண்டையும் குழப்பிக்கொள்ளவில்லை. சுற்றளவு ஒரு வேலைக்கு, பரப்பளவு வேறொரு வேலைக்கு என்று தெளிவாகப் பிரித்து வைத்திருந்தார்கள். என்ன வேலைகள் என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் அளவுகள்

இப்போது தஞ்சைப் பகுதியில் பெரியவர்கள் சொல்லும் கணக்கு இது. 12 அடி நீளமுள்ள கோல் ஒன்று. அந்தக் கோல் நீளமும் அகலமும் கொண்ட சதுரம் ஒரு குழி, அதாவது 144 சதுர அடி. 100 குழி சேர்ந்தால் ஒரு மா, 14,400 சதுர அடி. இது 33 சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல். அதனால்தான் "மூணு மா ஒரு ஏக்கர்" என்று பேச்சு வழக்கில் சொல்லிவிடுகிறார்கள். 20 மா சேர்ந்தால் ஒரு வேலி, கிட்டத்தட்ட 6.61 ஏக்கர்.

இதில் ஒரு அழகு கவனித்தீர்களா? தமிழ்ப் பின்ன எண்களில் மா என்றால் இருபதில் ஒன்று. காணி என்றால் எண்பதில் ஒன்று. முந்திரி என்றால் முந்நூற்று இருபதில் ஒன்று. ஒரு வேலியின் இருபதில் ஒரு பங்கு ஒரு மா. எண்ணின் பெயரே நிலத்தின் பெயராகவும் இருக்கிறது. பின்னம் படிப்பதும் நிலம் அளப்பதும் ஒரே பாடம்.

ஆனால் இது எல்லாக் காலத்துக்கும் எல்லா ஊருக்கும் ஒரே மாதிரி இல்லை. கல்வெட்டுகளில் 12 சாண் கோல், 16 சாண் கோல் என்று பல கோல்கள் வருகின்றன. ஒரு மாவுக்கு 100 குழி, 128 குழி, 256 குழி என்றெல்லாம் இடத்துக்கு இடம் மாறுகிறது. இந்த வித்தியாசம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதைப் பிறகு பார்ப்போம்.

சுற்றளவு: யானை நடந்த கோடு

கி.பி. 1006 வாக்கில், தன் 21ஆம் ஆட்சியாண்டில், ராஜராஜ சோழன் நாகப்பட்டினத்துக்கு அருகில் உள்ள ஆனைமங்கலம் என்ற ஊரின் வருவாயை ஒரு புத்த விகாரத்துக்குக் கொடுத்தான். ஸ்ரீவிஜய அரசன் தன் தந்தை பெயரில் நாகப்பட்டினத்தில் கட்டிய சூளாமணி விகாரம் அது. இந்தக் கொடையைச் சொல்லும் செப்பேடுகள் பிற்காலத்தில் நெதர்லாந்துக்குப் போய்விட்டதால் லெய்டன் செப்பேடுகள் என்றே பெயர் ஆகிவிட்டது.

கொடுத்த நிலத்தை எப்படி எல்லை கட்டினார்கள்? ஒரு பெண் யானையை முன்னே விட்டு, அதிகாரிகளும் பக்கத்து ஊர்க்காரர்களும் கணக்கரும் அதன் கூடவே ஊரைச் சுற்றி நடந்தார்கள். நடந்த கோட்டில் கல் நட்டார்கள், கள்ளிச் செடி நட்டார்கள். கிழக்கு எல்லை இது, தெற்கு எல்லை இது என்று ஒவ்வொரு வாய்க்காலையும் வரப்பையும் பெயர் சொல்லி எழுதினார்கள். எல்லை நடந்ததற்குச் சாட்சியாக ஊர்க்காரர்களின் கையெழுத்தும் சேர்ந்தது.

அதாவது சுற்றளவு என்பது உரிமைக்கான கணக்கு. "இந்தக் கோட்டுக்கு உள்ளே உன்னுடையது, வெளியே அவனுடையது." இதில் கோடு எத்தனை அடி நீளம் என்பது பெரிய கேள்வியே இல்லை. கோடு எங்கே போகிறது என்பதுதான் கேள்வி.

இன்றைக்கும் ஒரு கிரயப் பத்திரத்தை எடுத்துப் பாருங்கள். இன்னார் நிலத்துக்கு வடக்கு, வாய்க்காலுக்குக் கிழக்கு என்று நான்கெல்லை எழுதி, இதற்கு மத்தியில் இவ்வளவு நிலம் என்று முடித்திருப்பார்கள். யானை மட்டும்தான் இல்லை!

பரப்பளவு: நெல்லின் கணக்கு

அதே ஆனைமங்கலத்துக்கு இன்னொரு எண்ணும் உண்டு. நிலம் 97 வேலியும் அதற்கு மேல் சில பின்னங்களும். அதற்கு வரவேண்டிய நெல் 8,943 கலமும் சில்லறையும். ஒரு கலம் என்பது 12 மரக்கால். வகுத்துப் பார்த்தால் வேலிக்கு ஏறத்தாழ 92 கலம் வருகிறது.

இதுதான் பரப்பளவின் வேலை. எல்லைக் கோட்டைப் பார்த்து நெல் எவ்வளவு விளையும் என்று சொல்ல முடியாது. ஒரு சின்ன உதாரணம். பக்கம் 10 கோல் உள்ள சதுர வயல் ஒன்று, சுற்றளவு 40 கோல். நீளம் 19 கோல், அகலம் 1 கோல் உள்ள இன்னொரு வயல், அதற்கும் சுற்றளவு 40 கோல். வரப்பு போட ஒரே அளவு மண்தான் வேண்டும். ஆனால் முதல் வயல் 100 குழி, இரண்டாவது வெறும் 19 குழி! சுற்றளவை வைத்து வரி போட்டால் இரண்டாவது ஆள் தொலைந்தான்.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள பிரச்சினை இல்லை. 5ஆம் நூற்றாண்டில் யூக்ளிட்டின் நூலுக்கு உரை எழுதிய பிராக்ளஸ் என்ற கிரேக்க அறிஞர், நிலத்தைப் பங்கு பிரிக்கும்போது சுற்றளவு அதிகமாகவும் பரப்பு குறைவாகவும் உள்ள துண்டை மற்றவர் தலையில் கட்டி, தாராள மனசுக்காரர் என்று பெயரும் வாங்கிக்கொண்டவர்களைப் பற்றி எழுதியிருக்கிறார். அங்கேயும் அப்படித்தான்!

உலகை அளந்த கோல்

கி.பி. 1001 வாக்கில் ராஜராஜன் நாடு முழுவதும் நிலத்தை அளக்கச் செய்தான். அளக்கும் பொறுப்பில் இருந்த அதிகாரிக்கு உலகளந்தான் என்று பட்டம். வாமன அவதாரத்தில் மூன்று அடியால் உலகை அளந்த கதை எல்லோருக்கும் தெரியும், அந்தப் பெயரே அதிகாரிக்கும் வந்தது. பிறகு முதலாம் குலோத்துங்கன் காலத்தில் 1086இல் மறுபடியும் அளந்தார்கள். இங்கிலாந்தில் வில்லியம் மன்னன் டூம்ஸ்டே புத்தகத்துக்காக நாட்டையே கணக்கெடுத்ததும் அதே 1086. ஒருவருக்கு ஒருவர் தெரியாமலேயே இரண்டு அரசுகளும் ஒரே வருஷத்தில் ஒரே வேலையைச் செய்திருக்கின்றன.

இப்போது கோல் விஷயத்துக்கு வருவோம். கோயில் சுவர்களில், அதிட்டானத்தில், கோலின் நீளத்தைக் கோடாக வெட்டி வைத்திருப்பதைப் பல இடங்களில் காணலாம். ஏன் இவ்வளவு அக்கறை?

கணக்குப் போட்டுப் பாருங்கள். 16 சாண் கோலால் அளந்தால் 100 வேலி வருகிற ஒரு ஊரை, 15 சாண் உள்ள கோலால் யாரோ அளக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். கோலில் குறைந்தது ஒரே ஒரு சாண். ஆனால் பரப்பு இரண்டு பக்கமும் பெருக்கி வருவது. ஒரு குழி 256 சதுர சாணில் இருந்து 225 சதுர சாணாகக் குறைந்துவிடும். 256ஐ 225ஆல் வகுத்தால் 1.1378. அதே ஊர் காகிதத்தில் 113 வேலி 15 மாவுக்கு மேல் ஆகிவிடும். ஒரு பிடி மண்கூட அதிகமாகவில்லை, ஆனால் வேலிக்கு 92 கலம் என்றால் ஏறத்தாழ 1,260 கலம் நெல் கூடுதலாகக் கட்ட வேண்டும்!

நீளத்தில் வரும் தவறு பரப்பில் இரண்டு மடங்காகத் தெரியும் என்பது இதுதான். கோலைக் கல்லில் வெட்டிவைத்தால் சந்தேகம் வந்தவன் போய் ஒத்துப் பார்க்கலாம். கோயில் சுவர் ஒரு பொது அளவுகோலாக இருந்திருக்கிறது.

கட்டவில்லை என்றால் என்ன ஆகும்? அதற்கும் கல்வெட்டு உண்டு. ராஜராஜனின் 24ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்த உக்கல் கல்வெட்டு (இன்றைய திருவண்ணாமலை மாவட்டம்) தஞ்சாவூரில் இருந்து போன அரசாணையைச் சொல்கிறது. பிராமணர், வைகானசர், சமணர் ஊர்களில் நிலம் வைத்திருந்து, இரண்டு வருஷம் முழுவதும் வரி கட்டாதவர்களின் நிலத்தை ஊராரே விற்றுவிடலாம் என்பது ஆணை. ஆக, பரப்பைத் தப்பாகப் பெருக்கினால் மதிப்பெண் போகாது, நிலமே போகும்.

பெரிய கோயில் சுவரில் ஒரு கழித்தல் கணக்கு

நம் பாடப் புத்தகத்தில் "நிழலிட்ட பகுதியின் பரப்பளவு காண்க" என்று ஒரு கணக்கு வருமே, ஞாபகம் இருக்கிறதா? பெரிய சதுரத்தின் பரப்பில் இருந்து நடுவில் உள்ள வட்டத்தைக் கழிக்கச் சொல்வார்கள். யார் இப்படி நிழலிட்டு வைத்தார்கள் என்று எரிச்சலாக வரும்.

அந்தக் கணக்கு 1010இல் கட்டி முடித்த தஞ்சைப் பெரிய கோயிலின் கல்வெட்டுகளில் நிஜமாகவே இருக்கிறது. கோயிலுக்கு நெல் அளக்க வேண்டிய ஊர்களின் பட்டியலில், ஒவ்வொரு ஊருக்கும் முதலில் மொத்த நிலம். பிறகு வரி இல்லாத நிலங்களைக் கழிக்கிறார்கள். ஊர் நத்தம், கோயில்கள், குளங்கள், ஊரை ஊடறுத்துப் போகும் வாய்க்கால்கள், கம்மாளர் சேரி, பறைச்சேரி, சுடுகாடு. இதையெல்லாம் நீக்கி மிச்சம் உள்ள நிலத்துக்குத்தான் நெல். விளையாத இடத்துக்கு வரி கிடையாது என்பது நியாயமான கணக்கு. கூடவே, ஊரில் யார் எங்கே தள்ளி வைக்கப்பட்டிருந்தார்கள் என்பதும் இந்தக் கழித்தல் பட்டியலில் கல்லாகவே பதிவாகி இருக்கிறது.

இந்தக் கல்வெட்டுகளில் வரும் பின்னங்கள் தலையைச் சுற்ற வைக்கும். வேலியில் 52,428,800,000இல் ஒரு பங்கு வரை நிலத்தைக் கணக்கிட்டிருக்கிறார்கள். இன்றைய தஞ்சை வேலியை வைத்துப் பார்த்தால் அது அரை சதுர மில்லிமீட்டர். ஒரு நெல்மணிகூட அதில் அடங்காது!

"அந்தக் காலத்திலேயே இவ்வளவு நுணுக்கமாக அளந்தார்கள்" என்று இதைப் பெருமையாகச் சொல்வது வழக்கம். ஆனால் யோசித்துப் பாருங்கள், சேற்று வயலில் கோலைப் போட்டு அரை மில்லிமீட்டர் அளக்க யாராலும் முடியாது. இது கோலில் இருந்து வந்த எண் இல்லை, பெருக்கலில் இருந்து வந்த எண். பத்தேகால் கோல் பக்கமுள்ள சதுரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பத்தேகாலைப் பத்தேகாலால் பெருக்கினால் 105 குழியும் ஒரு மாகாணியும், அதாவது பதினாறில் ஒன்றும். கால் என்று ஆரம்பித்தது ஒரே பெருக்கலில் பதினாறில் ஒன்றாகச் சிறுத்துவிட்டது. இதையே வேலியாக மாற்றி, பல துண்டுகளைக் கூட்டி, கழித்தால் பின்னத்துக்குக் கீழே பின்னம் என்று போய்க்கொண்டே இருக்கும். சோழர் கணக்கர் அதை வெட்டி எறியாமல் கடைசி வரை எழுதினார். உண்மையான பெருமை அந்தப் பொறுமையில்தான் இருக்கிறது என்பது என் கருத்து.

கோணல் வயலும் பழைய சூத்திரமும்

வயல்கள் எல்லாம் செவ்வகமாக இருந்தால் பிரச்சினையே இல்லை. பிரமதேய ஊர்கள் பலவற்றில் வாய்க்கால்களையும் வதிகளையும் வைத்து நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்து, இத்தனையாம் கண்ணாறு, இத்தனையாம் சதிரம் என்று எண் கொடுத்திருந்தார்கள். சதிரம் என்றால் சதுரம்தான். ஆனால் வெண்ணாறும் குடமுருட்டியும் அரசலாறும் நேர்கோட்டில் ஓடுவதில்லை. ஆற்றை ஒட்டிய வயல் கோணலாகத்தான் இருக்கும்.

நான்கு பக்கமும் வெவ்வேறு நீளம் உள்ள வயலுக்கு ஒரு பழைய வழி உண்டு. எதிரெதிர்ப் பக்கங்களைக் கூட்டிப் பாதியாக்கு, கிடைத்த இரண்டையும் பெருக்கு. நம் நாட்டுக் கணக்கிலும் இது இருந்தது. எகிப்தில் எட்ஃபு என்ற ஊரில் உள்ள ஹோரஸ் கோயில் சுவரிலும், கோயிலுக்குக் கொடுத்த நிலங்களின் பட்டியலை இதே வழியில்தான் கணக்கிட்டு வெட்டியிருக்கிறார்கள். அங்கேயும் கோயில் சுவர், அங்கேயும் நிலக்கணக்கு!

இந்த வழி சரியா? பக்கங்கள் 20 கோலும் 10 கோலும் உள்ள ஒரு வயல். செவ்வகமாக இருந்தால் 200 குழி, சரி. அதே பக்கங்களோடு வயல் ஒரு பக்கமாகச் சாய்ந்து இணைகரமாக இருக்கிறது, செங்குத்து அகலம் 8 கோல்தான் என்றால் உண்மையான பரப்பு 160 குழி. ஆனால் பழைய வழியில் போட்டால் அப்போதும் 200 குழிதான் வரும். 40 குழி சும்மா ஏறிவிட்டது. செவ்வகத்தைத் தவிர எந்த நாற்கரத்துக்கும் இந்தச் சூத்திரம் உண்மையைவிட அதிகமாகத்தான் காட்டும், ஒருபோதும் குறைத்துக் காட்டாது. வரி வாங்குகிறவருக்கு லாபம், உழுகிறவருக்கு நஷ்டம்.

இது தோராயம்தான் என்பதை இந்தியாவில் வெகு காலம் முன்பே சொல்லிவிட்டார்கள். கி.பி. 628இல் பிரம்மகுப்தர் தன் பிரம்மஸ்புட சித்தாந்தத்தில் இந்த வழியைத் தோராயமானது என்று சொல்லி, துல்லியமான வேறொரு சூத்திரத்தையும் கொடுத்தார். நான்கு மூலையும் ஒரே வட்டத்தின் மேல் பொருந்துகிற நாற்கரத்துக்கு அது மிகச் சரியாக வரும். ஆனால் வர்க்கமூலம் எடுக்க வேண்டும். வரப்பில் நின்றுகொண்டு வர்க்கமூலம் எடுப்பது லேசான காரியமா?

வட்டத்துக்கு மட்டும் நம்மவர்களிடம் பிழையே இல்லாத வழி இருந்தது. காவிரி நாட்டுக் கொறுக்கையூரைச் சேர்ந்த காரி நாயனார் எழுதிய கணக்கதிகாரம் என்ற நூலில் அது வருகிறது. தஞ்சை சரஸ்வதி மகால் நூலகம் இதை அச்சிட்டிருக்கிறது. வழி இதுதான்: சுற்றளவில் பாதியை விட்டத்தின் பாதியால் பெருக்கினால் பரப்பு. விட்டம் 14 கோல், சுற்று 44 கோல் உள்ள குளம் என்றால் 22ஐ 7ஆல் பெருக்கி 154 குழி. நாம் படிக்கும் பை ஆர் ஸ்கொயர் சூத்திரத்தில் போட்டாலும் அதே 154. குளத்தைச் சுற்றிக் கயிறு பிடித்தால் போதும், பை என்ற எண்ணே தேவை இல்லை. இங்கே சுற்றளவும் பரப்பளவும் கைகோத்துக்கொள்கின்றன.

யாருக்குத் தெரிந்திருந்தது?

திண்ணைப் பள்ளிக்கூடங்களில் பிள்ளைகள் எண்சுவடியை மனப்பாடம் செய்தார்கள். அதில் குழிமாற்று என்று ஒரு பகுதி. அது எண்களின் வர்க்க வாய்பாடு. ஒரு எண்ணை அதே எண்ணால் பெருக்கினால் சதுர வயலின் குழி கிடைக்கும், அதனால் அந்தப் பெயர். பின்னங்களுக்குத் தனியாகச் சிறுகுழி வாய்பாடும் உண்டு. ஒரு வாய்பாட்டுக்கே வயலின் பெயர் வைத்தவர்கள் நாம்!

ஆனாலும் திண்ணையில் உட்கார்ந்து படிக்க எல்லாருக்கும் இடம் கிடைத்துவிடவில்லை. கணக்கு கணக்கப்பிள்ளையின் சுவடியில் இருந்தது, சேற்றில் இறங்கி உழுதவர்களுக்கு அதைச் சரிபார்க்க வழி இல்லை. 40 குழி அதிகம் எழுதியிருந்தாலும் அதைக் கேட்க, முதலில் அது அதிகம் என்று தெரிந்திருக்க வேண்டும் அல்லவா?

பிரிட்டிஷார் காலத்தில் கோல் போய்ச் சங்கிலி வந்தது. கண்டர் சங்கிலி என்பது 66 அடி, 100 கண்ணி. பத்து சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். முறையும் மாறியது. இன்றைக்கு எந்த வயலின் புலப்படத்தை எடுத்தாலும் மூலைக்கு மூலை ஒரு குறுக்குக் கோடும், அதில் இருந்து எல்லைக் கற்களுக்குச் செங்குத்தாகச் சின்னச் சின்னக் கோடுகளும் தெரியும். எவ்வளவு கோணலான வயலாக இருந்தாலும் முக்கோணமாகவும் சரிவகமாகவும் வெட்டி, ஒவ்வொன்றாகக் கணக்கிட்டுக் கூட்டிவிடலாம். நாம் வகுப்பில் போடும் அதே அடிப்பக்கம், உயரம், பாதி கணக்குதான். சாய்ந்த வயலில் 40 குழி ஏறும் பிரச்சினை இங்கே வராது, ஏனென்றால் செங்குத்து உயரத்தை நேராகவே அளந்துவிடுகிறார்கள்.

பட்டாவில் ஹெக்டேர், ஏர் என்று எழுதியிருக்கும், தரகர் சென்ட் என்பார், தாத்தா மா என்பார். மூன்றையும் ஒன்றோடு ஒன்று ஒத்துப் பார்க்கத் தெரிந்தால் யாரும் நம்மை ஏமாற்ற முடியாது. புலப்படத்தை இணையத்திலேயே எடுக்கலாம், அதில் உள்ள முக்கோணங்களைக் கூட்டிப் பார்க்க ஏழாம் வகுப்புக் கணக்கு போதும். ஆயிரம் வருஷத்துக்கு முன்னால் கணக்கப்பிள்ளைக்கு மட்டும் தெரிந்த ரகசியம் இப்போது நம் புத்தகத்தில் இருக்கிறது. அதனால் பரப்பளவு பாடத்தை மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்காதீர்கள்.

உங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் "நம்ம ஊர்ல ஒரு குழிக்கு எத்தனை அடிக் கோல்?" என்று ஒரு முறை கேட்டுப் பாருங்கள். ஊருக்கு ஊர் பதில் மாறும். உங்கள் ஊர்க் கணக்கு என்ன என்று எனக்கும் சொல்லுங்கள்.